புரதத்திற்கு எல்லை வகுத்த தமிழர்

தமிழ் அறிவியலாளர்கள் யார் யார் என்று நம் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். கணித மேதை இராமானுஜன், சர் சி. வி. இராமன், அப்துல் கலாம் என மூன்று பெயர்கள் உடனே வரும். அதன்பின் சற்று மௌனம் நிலவும். அந்த மௌனத்தில் ஒலிக்க வேண்டிய பெயர் ஜி. என். இராமச்சந்திரன். உலகின் எந்தப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பயின்றாலும் பாடநூலில் அவர் பெயர் தாங்கிய வரைபடம் ஒன்று இருக்கும். அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதியும், அவர் நம்மவர் என்பதை அறியாமலேயே பட்டம் பெற்றுச் செல்வோர் நம்மிடையே பலர்.

நான் கிள்ளானில் வளர்ந்தவன். இப்பொழுது பிரிக்பீல்ட்ஸில் தங்கி, கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறேன். தோல் உயிரணுக்களை வளர்ப்பது எங்கள் வேலை. அவை பற்றிக்கொண்டு வளர கொலாஜன் என்ற புரதம் தேவை. நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அதுவே. உடலில் உள்ள புரதங்களில் ஏறத்தாழக் கால் பங்கு அதுதான். எலி வாலிலிருந்தும், மாட்டுத் தோலிலிருந்தும், பன்றித் தோலிலிருந்தும் அதைப் பிரித்தெடுப்பது வழக்கம். பல இனத்தார் கூடி வேலை செய்யும் நம் நாட்டில், எந்த விலங்கு என்ற கேள்வி முதலிலேயே எழும். விலங்கே இல்லாமல், மனித மரபணுவை ஈஸ்டில் செலுத்தித் தயாரிக்கும் மறுசேர்க்கைக் கொலாஜனும் இன்று கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து குளிர்ப்பெட்டியில் சிறு குப்பியாக வந்து சேரும். ஆய்வுக்கு மட்டுமே, மனிதருக்குச் செலுத்தக்கூடாது என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். ஒரு குப்பியின் விலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாத அறை வாடகையைக் கட்டிவிடலாம்.

இப்படிப்பட்ட பொருள்களெல்லாம் எங்கோ பணக்கார நாடுகளில் பிறக்கின்றன, நாம் வாங்கிப் பயன்படுத்துபவர்கள் மட்டுமே என்ற எண்ணம் நம்மில் ஊறிக் கிடக்கிறது. ஆனால், அந்தக் குப்பிக்குள் இருக்கும் புரதத்தின் உருவம் முதன்முதலில் வகுக்கப்பட்ட இடம் சென்னைக் கிண்டி. அதனால்தான் இராமச்சந்திரனின் வாழ்க்கையை இந்த இதழில் எழுத விரும்பினேன்.

இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். எதையும் கணக்காகப் பார்க்கும் பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே வந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்ததோ மின்பொறியியல் துறையில். ஆனால், அங்கே சி. வி. இராமன் இருந்தார். விரைவிலேயே இராமச்சந்திரன் இயற்பியலுக்கு மாறி இராமனின் மாணவரானார். வேலை உறுதியான படிப்பு எது என்று பார்த்தே துறையைத் தேர்ந்தெடுக்கும் நம் குடும்பங்களில் இப்படி ஒரு மாற்றம் நடந்தால் எத்தனை நாள் வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இராமனிடம் படிகங்களை ஆராய்ந்த பின், 1947இல் கேம்பிரிட்ஜ் சென்று ஊடுகதிர் ஆய்வில் ஈடுபட்டு, 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். புரத வடிவங்களைப் பற்றி லைனஸ் பாலிங் ஆற்றிய உரைகளைக் கேட்டது அங்கேதான். பட்டம் கிடைத்ததும் தாயகம் திரும்பினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், இராமனின் பரிந்துரையை ஏற்று, முப்பது வயதை ஒட்டிய அந்த இளைஞரை இயற்பியல் துறைத் தலைவராக்கினார்.

புதிய துறை, குறைந்த வசதி, விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். எதை ஆராய்வது? அச்சமயம் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிராக இருப்பதை எடுத்துக் கூறினார். இராமச்சந்திரன் அதையே கையில் எடுத்தார். கிண்டிக்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாண், ஊடுகதிரில் தெளிவான படத்தைத் தந்தது.

கோபிநாத் கார்த்தாவுடன் சேர்ந்து அந்தப் படத்தையும் வேதியியல் தரவுகளையும் ஒப்பிட்டார். கொலாஜனில் மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்று கிளைசீனாக இருந்தது. கிளைசீன் மிகச் சிறியது. மூன்றுக்கு ஒன்று சிறியதாக இருப்பானேன் என்று யோசித்தவருக்கு, மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும் வடிவம் புலப்பட்டது. மூன்றும் நெருங்கும் நடுப்பகுதியில் கிளைசீனைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. பூக்காரர் சரம் தொடுக்கும்போது முடிச்சு விழும் இடத்தில் நார் மட்டும் இருப்பதைப் போன்றது அது. 1954இல் நேச்சர் இதழில் இந்த மும்மைச் சுருள் வெளிவந்தது. 1955இல், மூன்று சுருள்களும் ஒன்றை ஒன்று கயிறுபோல் சுற்றிவரும் திருத்திய வடிவத்தை அவர்கள் வெளியிட்டனர்.

அதே ஆண்டில் எதிர்ப்பும் வந்தது. அலெக்சாண்டர் ரிச், டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் தங்கள் வடிவத்தை வெளியிட்டு, சென்னை வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றை ஒன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றனர். மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று இராமச்சந்திரன் கணித்ததை மறுத்து, ஒன்றுதான் என்றனர். எதிரில் நின்றவர்களின் பெயரோ உலகறிந்தது. இங்கேதான் இராமச்சந்திரனின் உள்ளம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவர் மனம் வெதும்பி ஒதுங்கவில்லை. வெள்ளைக்காரன் விடமாட்டான் என்று புலம்பவும் இல்லை. அளவுக்கு மீறிய நெருக்கம் என்றால் அந்த அளவு என்ன என்று தேடத் தொடங்கினார். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைத் திரட்டி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம் என்று பட்டியலிட்டார்.

அந்தப் பட்டியலே அவருடைய மிகப் பெரிய சாதனைக்கு அடித்தளமாயிற்று. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இடங்களில் மட்டும் திருப்பம் உண்டு. காலை நேரக் கொம்யூட்டர் இரயிலில் கூட்டத்துக்கு நடுவே நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கையை எப்படி வேண்டுமானாலும் திருப்ப நமக்கு மூட்டு இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நிற்பவரை இடிக்காமல் திருப்பக்கூடிய கோணங்கள் சில மட்டுமே. அணுக்களுக்கும் அதே நெருக்கடிதான். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவருடன் சேர்ந்து, மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோணமாகக் கணக்கிட்டார் இராமச்சந்திரன். ஏறத்தாழ முக்கால் பங்குக் கோணங்களில் அணுக்கள் இடித்துக்கொள்கின்றன, மிச்சமுள்ள சில தீவுகளில்தான் புரதம் நிலைகொள்ள முடியும் என்று தெரிந்தது. 1963இல் வெளிவந்த அந்த வரைபடமே இராமச்சந்திரன் வரைபடம். உலகிலேயே ஓரிரு புரதங்களின் வடிவம் மட்டும் தெளிவாகியிருந்த காலத்தில், இனி வரப்போகும் புரதங்களுக்கெல்லாம் கிண்டியில் எல்லை வகுக்கப்பட்டது.

கொலாஜன் சர்ச்சை எப்படி முடிந்தது? 1994இல், கொலாஜனைப் போன்ற ஒரு சிறு புரதத்துண்டின் துல்லியமான படிக அமைப்பு வெளிவந்தது. மூன்று இழை முறுக்கு உறுதியானது. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் என்பதில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதே சரி. நீர் மூலக்கூறுகள் இடையில் நின்று பாலம் அமைப்பதும் அதில் தெரிந்தது. அத்தகைய நீர்ப் பாலத்தை இராமச்சந்திரன் 1960களிலேயே முன்மொழிந்திருந்தார். ஆகவே, யார் வென்றார் என்று கொடி பிடிப்பதில் பொருளில்லை. ஒரு மறுப்பிலிருந்து மனித குலத்திற்கு ஒரு வரைபடம் கிடைத்தது. அதுவே பெரிது.

மறுசேர்க்கைக் கொலாஜனைத் தயாரிப்பவர்களுக்கும் இந்த மூன்று இழை முறுக்கே சவால். மனித மரபணுவை மட்டும் ஈஸ்டுக்குள் புகுத்தினால் போதாது. புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதியின் மரபணுவையும் சேர்த்துப் புகுத்த வேண்டும். அந்த மாற்றம் நிகழாவிட்டால் ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். கிள்ளான் வெயிலில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது! உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. அங்கே புதிய அமைப்பைச் சேர்ப்பவர்கள் பெறும் சரிபார்ப்பு அறிக்கையில் இராமச்சந்திரன் வரைபடச் சோதனையும் உண்டு. செயற்கை நுண்ணறிவு கணித்துத் தரும் புரத வடிவங்களையும் அறிஞர்கள் அதே தீவுகளில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

1970இல் சென்னையை விட்டுச் சென்ற இராமச்சந்திரன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவை உருவாக்கினார். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளில் எடுத்த ஊடுகதிர்ப் பதிவுகளிலிருந்து உள்ளிருக்கும் உருவத்தை மீட்டெடுக்கும் எளிய கணக்கு முறையை வெளியிட்டார். மருத்துவமனைகளில் நாம் காணும் சி.டி. ஸ்கேன் வளர்ந்த வழியில் அந்த முறைக்கும் முக்கிய இடம் உண்டு. இந்தியாவின் பட்நாகர் விருது 1961இலும், இலண்டன் அரச கழக உறுப்பினர் தகுதி 1977இலும், உலகப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு 1999இலும் அவரை அடைந்தன. நோபல் பரிசு கிடைக்கவில்லை.

இறுதிக் காலம் இனிமையாக இல்லை. 1998இல் மனைவி இராஜலட்சுமி மறைந்தார். பக்கவாதமும் நடுக்குவாதமும் அவரைத் தளர்த்தின. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார். தசைநாண் தந்து உதவிய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் ஒன்று இன்று மும்மைச் சுருளின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி, மாணவ நண்பர்களுக்கு ஒன்று. இராமச்சந்திரனிடம் விலையுயர்ந்த குப்பிகள் இல்லை. அருகில் இருந்த நிறுவனத்தில் கேட்டு வாங்கிய ஒரு வால் நாண், ஓர் ஊடுகதிர்ப் படம், கணக்குப் பொறி, உழைக்கத் தயங்காத இரண்டு மூன்று மாணவர்கள். இவ்வளவுதான் அவருடைய மூலதனம். நம் பல்கலைக்கழகங்களில் இன்று இருக்கும் கருவிகள் அன்றைய கிண்டியில் இருந்ததை விடப் பன்மடங்கு மேலானவை. கருவிகளை எண்ணிக் கவலைப்படுவதை விட, நம்மை மறுத்து ஒருவர் பேசும்போது அதை அளந்து பார்க்கும் துணிவு நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதே பயன் தரும். அடுத்த முறை பாடநூலில் அந்த வரைபடத்தைக் கண்டால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் மலாய், சீன நண்பரிடமும் வரைந்தவர் கதையைச் சொல்லுங்கள். பெருமைக்காக மட்டும் வேண்டாம். அப்படி ஒரு வரைபடத்தை நம் ஊரிலிருந்தும் வரைய முடியும் என்று உங்களுக்கே நினைவூட்டிக்கொள்வதற்காகச் சொல்லுங்கள்.