புற்றுநோயின் உணவில் கைவைத்த சுப்பாராவ்

பிரிக்பீல்ட்ஸில் மாலை வேளையில் நான் உயிரியல் வகுப்பு நடத்துகிறேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும் படிவம் ஐந்து மாணவர்களுக்கு, உயிரணுவுக்கு ஆற்றல் தருவது ஏ.டி.பி. என்று மனப்பாடம். அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்றவர் என்றதும்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். படித்து ஆளானது சென்னையில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறை எழுதித் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கியோடு அறுவைச் சிகிச்சைக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கைநழுவி, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். காரணம் ஸ்ப்ரூ. உணவிலுள்ள கொழுப்பையும் சத்துகளையும் குடல் உறிஞ்சாமல் விட்டுவிடும் நோய் அது. மருந்து கிடையாது.

1922-ல் மாமனாரின் பண உதவியோடு பாஸ்டன் போனார். மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். 1929-ல் சைரஸ் ஃபிஸ்கேயுடன் தசையில் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார், அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்தார். அப்படியும் ஹார்வர்ட் நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. சகோதரர்களுக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

எனக்கு வியப்பு அடுத்த கட்டத்தில்தான். டி.என்.ஏ. உருவாக ஃபோலிக் அமிலம் வேண்டும். லுகீமியா குழந்தைகளுக்கு அதைக் கொடுத்த சிட்னி ஃபார்பர், நோய் வேகமாவதைக் கவனித்தார். அதே உருவில் ஒரு போலியைக் கொடுத்தால்? சுப்பாராவின் குழு உருவாக்கிய அமினோப்டெரின் அத்தகைய போலிதான். உயிரணு ஏமாந்து அதை ஏற்றால், பெருக முடியாமல் நின்றுவிடும். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததென 1948 ஜூனில் ஃபார்பர் அறிவித்தார். ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார், வயது 53. அமினோப்டெரினின் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் மருத்துவமனைகளில் புழங்குகிறது.

உயிரணுவின் வேதிவினையில் குறுக்கிட்டுப் புற்றை அடக்கும் அந்த வழியில்தான் இன்று பித்தநாளப் புற்றுநோயையும் ஆராய்கிறார்கள். நம் அண்டை நாடான தாய்லாந்தின் வடகிழக்கில், வேகாத ஆற்றுமீன் வழியே பரவும் கல்லீரல் புழுவால் அது அதிகம். பெருகும் புற்றணுவுக்குப் புதிய சவ்வு வேண்டும், சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதியைத் தடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் இந்தப் புற்று வெளியிலிருந்தும் கொழுப்பை இழுத்துக்கொள்ளும். ஒரு வாசலை அடைத்தால் மறுவாசல் திறந்திருக்கிறது; ஆய்வுக்கூடங்கள் இப்போது போராடுவது அதனோடுதான்.