கை அசைத்தால் துப்பாக்கி வெடிக்கும்! வெள்ளையரை 2 முறை திருப்பி அனுப்பிய ஊமைத்துரை

உவரி:

நம்ம பக்கம் கோயில் கொடை என்றால் வேட்டுச் சத்தம் இல்லாமல் நடக்காது. இரும்புக் குழாயில் கருமருந்தை போட்டு இடித்து, திரியில் நெருப்பு வைத்தால் ஊரே அதிரும். இதே கருமருந்துதான் 1801-ம் ஆண்டு நெல்லைச் சீமையில் வெள்ளைக்காரனின் பட்டாளத்தை 4 மாதம் தூங்க விடாமல் அடித்தது. அதை வைத்து சண்டை போட்டவர் ஊமைத்துரை. வாய் திறந்து உத்தரவு போட முடியாதவர். ஆனாலும் அவர் கை அசைத்தால் ஆயிரம் பேர் பாய்ந்தார்கள்.

அண்ணன் கட்டபொம்மனை எல்லாருக்கும் தெரியும். சினிமாவும் வந்தது. 1959-ல் வந்த அந்தப் படத்தில் ஊமைத்துரையாக நடித்தவர் ஓ.ஏ.கே.தேவர். ஆனால் அண்ணன் தூக்கில் தொங்கிய பிறகுதான் தம்பியின் கதையே சூடு பிடிக்கிறது. அதை சொல்பவர்கள் குறைவு.

முயல் விரட்டிய மண்

ஊமைத்துரையின் சொந்தப் பெயர் குமாரசாமி. பேச்சு வராததால் ஊமைத்துரை ஆகிவிட்டார். கூட இருந்த வீரர்கள் அவரை சாமி என்றுதான் அழைத்தார்கள்.

இந்தக் குடும்பத்தின் கதை தொடங்குவதே வேட்டையில்தான். முன்னோர் ஒருவர் நாய்களோடு காட்டில் வேட்டைக்கு போனாராம். ஓடிக்கொண்டிருந்த முயல் ஓர் இடத்தில் திடீரென்று திரும்பி நின்று வேட்டை நாய்களையே விரட்டியதாம். இந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று அங்கேயே கோட்டை கட்டினார்கள். அதுதான் பாஞ்சாலங்குறிச்சி. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பெரிய கல் கோட்டை என்று நினைத்து விடாதீர்கள். சுத்தமான மண் கோட்டை. நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, சுவர் உயரம் 12 அடி. சுற்றிலும் முள் வேலி. அவ்வளவுதான்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் இந்தக் கோட்டையை தாக்கினார். கட்டபொம்மன் தப்பிப் போய் பிடிபட்டு, அக்டோபர் 16-ந்தேதி கயத்தாறில் மற்ற பாளையக்காரர்கள் கண் முன்னாலேயே தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது. ஊமைத்துரை பாளையங்கோட்டை சிறையில் அடைக்கப்பட்டார்.

பானர்மேன் அதோடு விடவில்லை. பாளையக்காரர்களும் அவர்களின் ஆட்களும் துப்பாக்கி, ஈட்டி எதுவும் வைத்திருக்கக் கூடாது, எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும், மீறினால் மரண தண்டனை என்று அறிவித்து விட்டார். காவலுக்கும் வேட்டைக்கும் துப்பாக்கியை தோளில் போட்டுத் திரிந்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளி ஆனார்கள். அப்புறம் ஊர் எப்படி கொதித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விருந்து நேரத்தில் எஸ்கேப்

1801 பிப்ரவரி 2-ந்தேதி. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே வீட்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் குடும்பத்தோடு விருந்து சாப்பிட்டுக் கொண்டு இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து சிறையில் இருந்தவர்கள் காவலாளிகள் மேல் பாய்ந்தனர்.

சிறைக்குள் அப்போது அம்மை நோய் பரவி இருந்தது. அதனால் கைதிகளின் விலங்குகளை கழற்றி வைத்து இருந்தார்கள். விறகு விற்பவர்கள் போல வேஷம் போட்ட ஆட்கள் விறகுக் கட்டுக்குள் ஆயுதம் மறைத்து கொண்டு வந்ததாக ஊர்க்கதை சொல்கிறது. காவலாளிகள் சுதாரிப்பதற்குள் அவர்களின் துப்பாக்கியே பறிபோனது. பறித்த துப்பாக்கியோடு ஊமைத்துரை கூட்டம் ராத்திரியோடு ராத்திரியாக பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓட்டம் பிடித்தது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் வெள்ளைக்காரனால் நம்ப முடியாத விஷயம். ஒரு வாரத்தில் மெக்காலே படையோடு போய் பார்த்தால், இடித்துத் தரைமட்டம் ஆக்கிய கோட்டை மறுபடி எழும்பி நிற்கிறது! ஊரே கூடி மண் சுமந்து சில நாட்களில் சுவர் எழுப்பி விட்டது. உள்ளே ஆயிரக்கணக்கில் ஆட்கள். மோத துணிச்சல் இல்லாமல் மெக்காலே பிப்ரவரி 10-ந்தேதி பாளையங்கோட்டைக்கே திரும்பி விட்டார்.

இடையில் தூத்துக்குடியும் ஊமைத்துரை ஆட்கள் கையில் விழுந்தது. அங்கே பிடிபட்ட வெள்ளைக்காரர் ஒருவரின் மனைவி வந்து கெஞ்சி அழுதார். உடனே அவரை விட்டு விட்டார்கள். அண்ணனை தூக்கில் போட்ட கூட்டத்தை சேர்ந்தவர் என்று பார்க்கவில்லை.

ஒரு குண்டுக்கு இத்தனை வேலையா?

அந்தக் காலத்து துப்பாக்கி எப்படி என்று தெரிந்தால்தான் இந்தச் சண்டை புரியும். இப்போது மாதிரி தோட்டாவை சொருகி படபடவென்று சுட முடியாது. குழலின் வாய் வழியாகத்தான் எல்லாம். முதலில் கருமருந்தை அளந்து கொட்ட வேண்டும். வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில் அடுப்புக்கரித் தூளும் கந்தகமும் சேர்ந்ததுதான் கருமருந்து. பிறகு ஈயக் குண்டு. அது உருண்டு வராமல் இருக்க அடைப்பு. நீளக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். பக்கத்தில் உள்ள சின்னக் குழியில் கொஞ்சம் பொடி போட வேண்டும். அப்புறம்தான் வெடி.

கம்பெனி சிப்பாயின் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் இருந்தது. விசையை இழுத்தால் கல் உரசி பொறி பறக்கும். நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு 3 முறை சுடுவான். பாளையத்து ஆட்களிடம் பெரும்பாலும் திரித் துப்பாக்கி. எரிகிற திரியை அணையாமல் காப்பாற்றிக் கொண்டே நிற்க வேண்டும். மருந்து நனைந்தால் கதை முடிந்தது. தூரம் கூடினால் குறியும் சந்தேகம். முயல் வேட்டைக்கும் யுத்தத்துக்கும் ஒரே ஆயுதம் என்றால் எப்படி?

ஆனால் ஊமைத்துரை இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அதுதான் மார்ச் 31-ந்தேதி தெரிந்தது.

அன்று பீரங்கியால் சுவரை உடைத்து கம்பெனிப் படை ஏறியது. ஏறியவர்களுக்கு மேலே கால் வைக்க இடம் இல்லை. கொத்தளங்கள் எல்லாம் உள்ளே குடைவாக இருந்தன. அந்தக் குழிக்குள் பதுங்கி இருந்தவர்கள் 18 அடி, 20 அடி நீள ஈட்டிகளால் கீழே இருந்து குத்தித் தள்ளினர். மற்றவர்கள் சரமாரியாக சுட்டனர். வெள்ளைக்காரன் தரப்பில் நூற்றுக்கணக்கானோர் செத்தும் காயம்பட்டும் விழுந்தனர். படை பின்வாங்கியது. சுடுவதற்கு நேரம் பிடிக்கும் துப்பாக்கியை, நேரமே பிடிக்காத ஈட்டியோடு சேர்த்து வைத்த மூளை அது. சினிமாவில் வாளைத்தான் சுழற்றுகிறார்கள். உண்மையில் காரியம் செய்தது மருந்தும் ஈட்டியும்தான்.

வைக்கோல் துண்டில் போர்த் திட்டம்

பேச்சு வராதவர் எப்படி படை நடத்தினார்? அந்தச் சண்டையில் எதிர் தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் வெளியான தன் புத்தகத்தில் இதை எழுதி இருக்கிறார். வைக்கோல் துண்டுகளை பொறுக்கி இடது உள்ளங்கையில் வைப்பாராம். அதுதான் வெள்ளைக்காரன் படை. எப்போது, எப்படி என்று சைகையில் காட்டுவாராம். பிறகு வாயால் உஸ் என்று சத்தம் எழுப்பி, வலது கையால் மொத்தத்தையும் ஒரே வீச்சில் துடைத்து எறிவாராம். தாக்குதலுக்கு அதுவே உத்தரவு. முதல் ஆளாக பாய்வதும் அவரேதானாம். எதிரியே வியந்து போய் எழுதியது இது.

இந்த விஷயங்களை சேர்த்து திருநெல்வேலி சரித்திரமாக 1881-ல் எழுதியவர் பிஷப் கால்டுவெல். உவரிக்கு பக்கத்தில் இருக்கும் இடையன்குடியில்தான் அவர் பல வருஷம் வாழ்ந்தார். பாஞ்சாலங்குறிச்சி சண்டையை உலகத்துக்கு சொன்ன பேனா நம்ம தேரிக்காட்டு ஓரத்து பேனா என்பது குறிப்பிடத்தக்கது.

காப்பாற்றிய தாய்

அடுத்து கர்னல் அக்னியூ தலைமையில் பெரிய படையும் கனமான பீரங்கிகளும் வந்து சேர்ந்தன. மே 24-ந்தேதி கோட்டை விழுந்தது. வெளியே பாய்ந்தவர்களை குதிரைப்படை துரத்தி வெட்டியது. ஊமைத்துரை படுகாயத்தோடு பிணங்களுக்கு நடுவே கிடந்தார்.

அங்கே தன் மகனைத் தேடி ஒரு பெண் வந்தாள். மகன் உயிர் போகிற நிலையில் கிடந்தான். தன்னை விட்டு விட்டு சாமியைக் காப்பாற்றும்படி அவன் தாயிடம் சொல்லி விட்டான். பெத்த மகனை போட்டு விட்டு அவரை தூக்கிக் கொண்டு போனாள் அந்தத் தாய். தேடிக்கொண்டு எட்டயபுரம் ஆட்கள் வந்தபோது, வெள்ளைத் துணியால் மூடி, அம்மையில் செத்துப் போனதாக பெண்கள் ஒப்பாரி வைத்தனர். அம்மை என்றதும் வந்தவர்கள் எடுத்தார்கள் ஓட்டம். இதையும் வெல்ஷ்தான் எழுதி இருக்கிறார். அந்தத் தாயின் பெயர் மட்டும் அதில் இல்லை.

உயிர் பிழைத்த ஊமைத்துரை கமுதி வழியாக சிவகங்கை போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். காளையார்கோவில் காட்டுக்குள் வழி வெட்டப் போன அக்னியூ படை ஒரு மாதம் போராடி தோற்றுத் திரும்பியது. கடைசியில் வேறு வழியாகப் புகுந்து அக்டோபர் 1-ந்தேதி காளையார்கோவிலை பிடித்தார்கள். அக்டோபர் 24-ந்தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். திண்டுக்கல் பக்கம் தப்பிப் போன ஊமைத்துரையும் சிக்கினார். அவரையும் தம்பி செவத்தையாவையும் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டு வந்து, 1801 நவம்பர் 16-ந்தேதி தூக்கில் போட்டார்கள். கோட்டையை உழுது ஆமணக்கு விதைத்தார்கள்.

ஊமைத்துரை போய் இரண்டு வாரம்தான். டிசம்பர் 1-ந்தேதி கவர்னர் கிளைவ் அறிவிப்பு போட்டார். தெற்குச் சீமையில் இனி யாரிடமும் ஆயுதம் இருக்கக் கூடாது, கோட்டையும் இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தவர்களில் சுமார் 70 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் இருந்து கப்பலில் ஏற்றி பினாங்கு தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

அப்புறம் 1878-ல் நாடு முழுக்க ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரம் கிடைத்த பிறகு 1959-ல் புதுச் சட்டம். வாய் வழியாக மருந்து போடும் நாட்டுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் இருந்தாலும் 1972 வனவிலங்கு சட்டப்படி முயலையும் மானையும் சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது. ஓட்டப்பிடாரம் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். வெள்ளைக்கார சிப்பாய்களின் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. கட்டபொம்மனுக்கு சித்திரை மாதம் அங்கே விழா நடக்கிறது.