நைட் மோடு இல்லாத காலத்தில் பாரிஸ் இரவைப் படம்பிடித்த பிராஸாய்!

நைட் மோடு ஆன் பண்ணி, போனை மூணு செகண்ட் ஆடாம பிடிச்சா போதும். இருட்டுத் தெருவும் பளிச்னு வந்துடும். 1930-களில் அதே மாதிரி ஒரு படத்துக்கு ஒரு மனிதர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு காத்து நின்றார். அவர்தான் பிராஸாய்.

நிஜப் பெயர் டியூலா ஹலாஸ். 1899-ல் பிராஸோ நகரில் பிறந்தவர். அன்று ஹங்கேரி, இன்று ருமேனியா. நம்ம ஊரில் பேருக்கு முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்ப்போமே, இவர் ஊர்ப்பெயரையே பேராக்கிக்கொண்டார். பிராஸாய் என்றால் பிராஸோக்காரர்!

ஓவியம் படித்துவிட்டு 1924-ல் பாரிஸ் வந்தவர், பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். பகலில் தூக்கம், இரவெல்லாம் நடை. போட்டோகிராபி மீது பெரிய மரியாதை இல்லை. ஆனால், நடந்து நடந்து பார்த்த இரவை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. 30 வயதை ஒட்டித்தான் கேமராவைக் கையில் எடுத்தார்.

சிகரெட்தான் டைமர்

வோக்ட்லெண்டர் கேமரா, ஒரு ஸ்டாண்டு, கண்ணாடித் தகடுகள். கனமான தகடுகள் என்பதால் ஓர் இரவுக்கு எடுத்துப்போவதே கொஞ்சம்தான். இஷ்டத்துக்கு க்ளிக் பண்ண முடியாது. ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டு சிகரெட் பிடிப்பார். வெளிச்சம் ஓரளவு இருந்தால் கோல்வாஸ் சிகரெட். கும்மிருட்டு என்றால் அதைவிடப் பெரிய போயார். சிகரெட் தீர்ந்தால் எக்ஸ்போஷர் முடிந்தது!

தெருவிளக்கு நேராக லென்ஸில் அடித்தால் படம் வெளிறிவிடும். அதனால் விளக்கை ஒரு மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் மறைத்துவிடுவார். மழையும் பனியும் அவருக்குத் தோஸ்த். ஈரத் தரை வெளிச்சத்தைத் திருப்பித் தரும். பனி அதைப் பரப்பிவிடும். இந்த ட்ரிக் இன்றைய போனிலும் வேலை செய்யும்.

1932 இறுதியில் வெளிவந்த ‘இரவில் பாரிஸ்’ புத்தகம், 60-க்கும் மேற்பட்ட படங்களோடு அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது.

தெருவில் படம் எடுக்காத நான்கு வருடம்

பிராஸாய் தெருவை மட்டும் எடுக்கவில்லை. மதுக்கூடங்கள், நடன விடுதிகள், பாலியல் தொழிலாளர்கள், ரவுடிகள் என ஊர் முகம் திருப்பிக்கொண்ட மனிதர்களோடு பழகி, அவர்களையும் எடுத்தார். அவற்றில் பல படங்களை அன்று அச்சிட முடியவில்லை. 1976-ல்தான் தனிப் புத்தகமாக வந்தன. 40 வருடத்துக்கும் மேலான காத்திருப்பு!

1940-ல் பாரிஸ் நாஜிகள் கைக்குப் போனது. வெளியே படம் எடுக்க அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். பிராஸாய் கேட்கவே இல்லை. தொழிலே போனாலும் பரவாயில்லை என்று தெருவில் கேமராவை மூடிவைத்தார். அந்த நாள்களில் நண்பர் பிக்காஸோவின் சிற்பங்களைப் படமெடுத்தார், ஓவியத்துக்கும் திரும்பினார். 1944-ல் நகரம் விடுதலையானது.

1984-ல் பிராஸாய் மறைந்தார். அவர் நடந்த பாரிஸில், மோன்பர்னாஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் போன் இருட்டையே பகலாக்கிவிடுகிறது. பிராஸாய் இருட்டை இருட்டாகவே விட்டார், அதில் இருந்த மனிதர்களையும் அப்படியே காட்டினார். அடுத்த முறை ராத்திரி படம் எடுக்கும்போது, க்ளிக் பண்ணும் முன் கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாருங்க!