கோவிந்துவின் பெயரில் ஒரு மலர்

நெல்லைச் சீமையின் தாவர வரலாற்றில் மறக்கவொண்ணாத பெயர் ராபர்ட் வைட். 1796-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இந்தியா வந்தவர். 1830-களின் நடுவில் படைப்பிரிவொன்றுடன் பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டை வரை நடந்தே வந்தார். குற்றால மலைகளில் செடிகளைத் திரட்டினார்.

உலர்த்தினால் ஆர்கிட் மலர் உருக்குலைந்துவிடும். உயிருள்ளபோதே வரைந்தாக வேண்டும். அப்பணியை வைட்டுக்குச் செய்து தந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை அவர் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் 2,100-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஆர்கிட்களும் அவற்றில் பல. கல்லச்சுக் கலையையும் அவரே கற்றுக்கொண்டார்.

ஓவியரின் உழைப்பை அவர் மறைக்கவில்லை. படங்களில் அவர்கள் பெயரைப் பொறித்தார். 1853-இல் ஓர் ஆர்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' எனப் பெயரிட்டார். முன்பே பெயர்பெற்ற 'டிராபிடியா' பேரினத்தில் அது பின்னர் சேர்க்கப்பட்டதால், விதிப்படி அப்பெயர் வழக்கொழிந்தது.

வைட் 1872-இல் இங்கிலாந்தில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய 'வாண்டா' ஆர்கிட் இன்றும் உண்டு. கோவிந்துவின் பெயரிலோ பேரினம் இல்லை. அறிவியல் விதி நீக்கியதை வரலாறு நீக்க வேண்டியதில்லை. வைட்டைப் பற்றிக் கற்பிக்கும் வகுப்பறைகளில் அவ்விருவர் பெயரும் ஒலிப்பதே முறை.