ஜி.டி.நாயுடு: 2,000 ரூபாய்க்கு கார் செய்தவரால் அதை ஏன் விற்க முடியவில்லை?

பெங்களூரு கோரமங்களாவில் ஸ்டார்ட்அப் நடத்தும் ஒருவரிடம் முதல் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஏஞ்சல் இன்வெஸ்டர் கதை ஒன்று சொல்வார். ஜி.டி.நாயுடுவுக்கு அது ஹோட்டல் சர்வர் சம்பளத்தில் இருந்து வந்தது.

1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஸ்கூல் அவருக்கு ஒத்துவரல. ஊர்ப் பக்கம் வந்த ஒரு அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. கோவையில் ஹோட்டல் வேலை பார்த்து, காசு சேர்த்து, வண்டி வாங்கினார். வாங்கியதும் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தார்.

அடுத்து பருத்தி வியாபாரம். பம்பாய் வரை போய் நஷ்டத்தோடு திரும்பினார். 1920-ல் ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சி - பழனி ரூட், டிரைவரும் அவரே. அதுதான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. அவருடைய மற்ற முயற்சிகளுக்கெல்லாம் பின்னால் இருந்தது இந்த டிக்கெட் பணம்தான்.

1937-ல் பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையில் இருந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின் மோட்டார் வெளிவந்தது. இதில் டி.பாலசுந்தரம் நாயுடுவுக்கும் முக்கியப் பங்கு உண்டு. பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸர், மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேன், ஜூஸ் பிழியும் கருவி என்று வரிசையாகச் செய்தார். ரேடியோ பணக்கார வீட்டுப் பொருளாக இருந்த 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். பெங்களூருவில் இருந்த சி.வி.ராமனே அவரை மனம் திறந்து பாராட்டினார்.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் தயாரானது. விலை 2,000 ரூபாய். ஆனால் அப்போது சந்தை மட்டும் முடிவு செய்தால் போதாது. தொழிற்சாலை தொடங்க மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும் என்ற சட்டம் 1951-லேயே வந்துவிட்டது. நாயுடுவுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது. வரிகள் மீதும் அவருக்குத் தீராத கோபம். 1950-களில் தான் செய்த பொருட்களைத் தானே பொதுவெளியில் உடைத்துக் காட்டும் அளவுக்கு.

எல்லாப் பழியையும் டெல்லி மேல் போட்டுவிட முடியுமா? முடியாது என்றே தோணுது. ஒரு பொருள் வேலை செய்துவிட்டால் அவர் மனசு அடுத்ததுக்குத் தாவிவிடும். ஒன்றையே பிடித்துக்கொண்டு லட்சம் வீடுகளுக்குக் கொண்டுபோகும் பொறுமை வேறு வகை.

அதே அவசரம் படிப்பு விஷயத்திலும். 1945-ல் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் உருவாக நாயுடுதான் காரணம். கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். ஆனால், நாலு வருஷப் படிப்பு டைம் வேஸ்ட், இரண்டே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை; விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி.

1974 ஜனவரி 4-ல் இறந்தார். 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அதுக்குக் கீழே இருக்கிற ஸ்டாப்புக்கு இன்னமும் ஹோப் காலேஜ்னுதான் பேர்.