இருளில் ஒளி கண்டவர்

சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் 1707ஆம் ஆண்டு பிறந்தவர் லியோனார்டு ஆய்லர். சமயப் போதகரான தந்தையார் தம் மைந்தரும் அப்பணியையே மேற்கொள்ள விரும்பினார். ஆயினும், மைந்தரின் உள்ளம் கணிதத்திலேயே தோய்ந்தது. 1727இல் அவர் உருசிய நாட்டுப் பீட்டர்சுபர்க்கு நகரை அடைந்து, அங்குள்ள அறிவியற் கழகத்தில் அமர்ந்தார்.

சில ஆண்டுகளில் வலக்கண் ஒளியிழந்தது. 1766க்குப் பின் இடக்கண்ணும் மங்கிற்று. 1771இல் அவர்தம் இல்லமும் தீக்கிரையாயிற்று. எனினும், அவர் சோர்ந்தாரல்லர். தாம் உள்ளத்தே கணித்துக் கூறுவனவற்றைப் பிறரை எழுதச் செய்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எண்ணால் மீதியின்றி வகுபடாததைப் பகா எண் என்பர். முப்பத்தோர் இரண்டுகளைத் தம்முள் பெருக்கி ஒன்றைக் கழிப்பின் வருவது 2,14,74,83,647. இது பகா எண் எனப் பிரெஞ்சு நாட்டுத் துறவி மெர்சென் 1644இல் கூறினார், மெய்ப்பித்தாரிலர். மெய்ப்பிக்க வேண்டின், 46,341க்கு உட்பட்ட பகா எண்கள் பல்லாயிரத்தாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டுமோ? வேண்டா, 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் பகா எண்களே இதனை வகுத்தல் கூடும் என ஆய்லர் தெளிந்தார். சோதனை நூற்றுக்குள் சுருங்கிற்று. அவற்றுள் ஒன்றும் வகுக்கவில்லை. இது பகா எண்ணே என 1772இல் அறிவித்தார். முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக, இதனினும் பெரிய பகா எண்ணை உலகம் அறிந்திலது.

1783இல் ஆய்லர் மறைந்தார். கண்ணொளி குன்றினும் கருத்தொளி குன்றாதார்க்கு அரிய செயல் ஒன்றும் இல்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.