மலைநாட்டு மரப்பள்ளியும் ஷாஹே ஹமதான் (ரஹ்) அவர்களும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!

காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில், ஜீலம் நதிக்கரையில், கானகாஹே மௌலா என்னும் மரத்தாலான பள்ளிவாசல் நிமிர்ந்து நிற்கின்றது. ஷாஹே ஹமதான் என மக்கள் போற்றும் இறைநேசர் மீர் செய்யிது அலீ ஹமதானீ (ரஹ்) அவர்களின் நினைவைச் சுமந்து நிற்பது அது.

அன்னார் கி.பி. 1314இல் (ஹிஜ்ரி 714) பாரசீகத்தின் ஹமதான் நகரில் செய்யிது குடும்பத்தில் பிறந்தார்கள். குப்ரவிய்யா தரீக்காவில் பயிற்சி பெற்று, பல்லாண்டுகள் பல நாடுகளில் பயணம் செய்தார்கள். அரசர்க்குரிய நெறிகளைக் கூறும் ‘தகீரத்துல் முலூக்’ என்னும் நூலை இயற்றினார்கள். அன்னார் தொகுத்தளித்த ‘அவ்ராதே ஃபத்ஹிய்யா’ காஷ்மீரப் பள்ளிகளில் இன்றும் ஓதப்படுகின்றது.

காஷ்மீரம் வந்த அன்னாரை சுல்தான் குத்புத்தீன் கண்ணியத்துடன் வரவேற்றார். எழுநூறு தோழர்கள் உடன் வந்தனர் என்பதும், அவர்களுள் நெசவு முதலிய கைத்தொழில் வல்லோர் பலர் இருந்தனர் என்பதும் வழிவழிச் செய்தி. தாமும் தொப்பி தைத்து, உழைத்தே உண்டார்கள் என்பர். மார்க்கத்தோடு தொழிலையும் மக்களுக்கு வழங்கியதே அன்னாரின் தனிச்சிறப்பு.

1385இல் (ஹிஜ்ரி 786) காஷ்மீரத்திலிருந்து திரும்பும் வழியில் அன்னார் வஃபாத்தானார்கள். இன்றைய தாஜிகிஸ்தானின் கூலாப் நகரில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

அன்னார் தொழுத இடமென மக்கள் கருதும் நதிக்கரையில், மைந்தர் மீர் முஹம்மது ஹமதானீ (ரஹ்) அவர்களின் காலத்தில், 1395இல் சுல்தான் சிக்கந்தர் கானகாவை எழுப்பினார். பனி வழிந்தோடும்படி அடுக்கடுக்காய்ச் சரிந்த கூரையும், உச்சியில் கூர்ங்கோபுரமும் அமைந்தன. குவிமாடம் இல்லை. சுவர்களும் தூண்களும் தேவதாரு மரம்; உட்புறமெங்கும் காகிதக்கூழ் ஓவிய வேலைப்பாடு.

மரத்திற்குத் தீயே பகை. 1480இலும் 1731இலும் அப்பள்ளி எரிந்தது. இருமுறையும் மீண்டும் எழுந்தது. இன்று நாம் காண்பது பெரும்பாலும் 1730களில் கட்டப்பட்டதே. 2017 நவம்பரில் நள்ளிரவில் கோபுரத்தில் தீப்பற்றியது. தீயணைப்போரும் ஊராரும் விரைந்து செயல்பட்டதால் பள்ளி காக்கப்பட்டது. 2018இல் கோபுரம் பழைய வடிவிலேயே புதுப்பிக்கப்பட்டது.

மரத்தை இழைக்கவும் பூவேலை தீட்டவும் அறிந்த கைகள் அம்மண்ணில் அற்றுப்போகாதிருந்தமையே இதற்குக் காரணம். அத்தகைய கைவினைஞர் இல்லாவிடில் பணம் எவ்வளவு திரட்டினும் பழைய பள்ளி திரும்ப வராது.

ஜமாஅத்தார்களே! பழமையான பள்ளியை இடித்துப் புதிது கட்டுதல் எளிது. முன்னோர் விட்டுச்சென்றதைப் பழுது பார்த்து, விளக்கையும் மின்கம்பியையும் கவனித்து, அதன் வேலை அறிந்தோரை ஆதரித்துக் காப்பதே அரிது. அதுவும் அமானிதமே.

அல்லாஹ் அன்னாரின் தரஜாவை உயர்த்துவானாக! தன் இல்லங்களைப் பேணும் நற்பேற்றை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.